முப்பத்தொன்பது அங்குலம்

கட்டப்பனையிலிருந்து கம்பம் மெட்டு வழியாக இறங்கும் பேருந்தில், இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு பேஸ் கிதாரை நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதற்கு உறை இல்லை. விற்ற வீட்டு அம்மா பழைய போர்வை ஒன்றில் சுற்றி, ஏலக்காய் மூட்டை தைக்கும் சணலால் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார். "என்னா சார், துப்பாக்கியா? மெட்டுல செக்போஸ்ட்டுக்காரக இறக்கி விட்ருவாக, என்னையச் சொல்லக் கூடாது" என்றார். பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதன் அடிப்பாகம் இரும்புத் தரையில் இடிக்காமலிருக்க என் செருப்பின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டேன். பாதம் மரத்துப் போனது. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைப் பந்தல்களும் நெல் வயல்களுமாக வெயிலில் கிடந்தது. அத்தனை நிம்மதியோடு நான் செய்த பயணம் வேறு இல்லை. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிதார் என் மூத்த மகளுக்காக. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பதினோரு வயதில் சைக்கிளிலிருந்து வாய்க்கால் பாலத்தில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். மாவுக்கட்டுப் போட்டு, எலும்பு சேர்ந்து, கட்டைப் பிரித்த நாளில், மணிக்கட்டு முன்போல முழுதாக மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சோறு தின்ன, எழுத, தலை பின்னிக்கொள்ள அதனால் தடை ஒன்றுமில்லை. ஆனால் நான் அன்றோடு சைக்கிளை விற்றுவிட்டேன். அடுத்த வருடம் முல்லையாற்றில் குளிக்கப் போய் முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். ஆற்றுக்குப் போவதையும் நிறுத்தினேன். கபடியில் சேர்ந்து கணுக்கால் வீங்கியது, கபடியும் நின்றது. பிள்ளைக்கு வலி என்றால் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வலி எதிலிருந்து வந்ததோ அதை நிறுத்துவதுதான். நல்ல தகப்பன் அப்படித்தான் இருப்பான் என்று நம்பினேன். என் மனைவி மட்டும் ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, இப்பிடியே ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டு இருந்தா புள்ள எதத்தான் செய்யும்?" அதைக் கோபத்தில் சொன்ன வார்த்தை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் மாதா கோவிலில் பாடகர் குழு ஒன்று உண்டு. கீபோர்டு வாசித்து அதை நடத்தியவர் ஊர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர், எல்லோருக்கும் ரேஷன்கடைக்காரர்தான். குழுவில் பேஸ் கிதார் வாசித்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும், அந்தக் கிதார் பூசை உடைகள் வைக்கும் அறையின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. மகள் அதை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டாள். நாலு தடித்த தந்தி. அவள் உயரத்துக்கு அது ஏணியைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். பாட்டில் அதன் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டதே இல்லை. அதைச் சொன்னபோது என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "காதுல தேடாதீகப்பா. பெஞ்சுல கைய வைங்க" என்றாள். வைத்தேன். அவள் முன்னால் போய் ஒரே ஒரு தந்தியை மீட்ட, பழைய தேக்குப் பலகை என் உள்ளங்கைக்கு அடியில் அதிர்ந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மாவுக்கட்டுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

ஒரு வருடத்தில் வலி வந்தது. கிதாரின் கழுத்து நீளமானது. அதன் மேல் கோடியில் விரல் வைக்க அவள் கையை எட்டி நீட்டி மணிக்கட்டை வளைக்க வேண்டும். அந்த மணிக்கட்டோ வளையாது. பூசை முடிந்து வருபவள் கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொள்வாள். ஒருநாள் துண்டை விலக்கிப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் கொழுக்கட்டைபோல வீங்கியிருந்தது. "இன்னையோட நிறுத்து" என்றேன். அவள் அழவில்லை. என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தந்தி நீளம் குறைந்த பேஸ் கிதார் என்று ஒன்று இருக்கிறதாம், சின்னக் கை உள்ளவர்கள் வாசிப்பதாம், அவளும் ரேஷன்கடைக்காரரும் சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் படம் பார்த்தார்களாம். "தந்தி உக்கார்ற எடத்துல இருந்து..." என்று ஏதோ விளக்க ஆரம்பித்தாள். நான் கையமர்த்தினேன். "நீளந்தானம்மா? அத எங்கிட்ட விடு. முப்பது வருசமா நீளத்தத்தான அளக்குறேன்."

நான் உத்தமபாளையம் தாலுகாவில் சர்வேயர். வாங்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். புதுக் கிதாரிலும் ஒருநாள் வலித்தால், அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு கோவிலில் வாயால் பாடினால் போதும். அவள் உடனே தலையாட்டினாள். யோசிக்காமல் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேனியில் இருந்த கடையில் ஆர்மோனியமும் பள்ளிக்கூட பேண்டு டிரம்மும்தான் இருந்தன. மதுரைக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் நாற்பத்தாறு, நாற்பத்தேழு அங்குலம். கோவில் கிதாரும் அதே அளவு. ஒரு கடையில் வெளிநாட்டுக் குட்டைக் கிதார் ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தொங்கிய குழந்தைகளின் ஊதுகுழலைப் பார்ப்பதுபோல நின்றேன். கடைக்காரர் புரிந்துகொண்டார். "பொம்பளப் புள்ளைக்கா சார்? கீபோர்டு வாங்கிக் குடுங்க. உக்காந்து வாசிக்கலாம், கலியாணம் ஆனாலும் வீட்ல இருக்கும்" என்றார். ஊருக்கு வந்து ரேஷன்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "விடுங்க சர்வேயரே. நம்ம கோவில் கிதாரையே சப்-டிவிஷன் பண்ணி, பட்டா போட்டுப் புள்ளைக்குக் குடுத்துருவமா?" என்றார். சிரித்துவிட்டுத்தான், கட்டப்பனையில் தன் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தில் பேஸ் கிதார் ஒன்று சும்மா கிடப்பதாகவும், அது சின்னதாக இருந்தது என்று அவள் சொன்னதாகவும் சொன்னார்.

அந்த வீடு ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. கிதாருக்குச் சொந்தக்காரனான மகன் துபாய்க்குப் போய்விட்டான். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். "மோன் போயி. இனி இது ஆரு வாயிக்கும் சாரே?" என்றார், இனி யார் வாசிப்பது என்று. எனக்கு முதல் பார்வையிலேயே ஆச்சரியம். மற்றக் கிதார்களுக்கு இருப்பதுபோல இதற்குத் தலை இல்லை. தந்தி முறுக்கும் திருகுகள் கீழே, அடிப்பக்கத்தில் இருந்தன. பிடி முடிகிற இடத்தில் கிதாரே முடிந்துவிட்டது. பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து, மேல் நுனியிலிருந்து அடி நுனி வரை வைத்தேன். முப்பத்தொன்பது அங்குலம். நம்பாமல் மறுபடி அளந்தேன். கோவில் கிதாரைவிட ஏழு அங்குலம் குறைவு. எனக்குக் கை ஓடவில்லை. என் வேலையில் அளவு என்றால் கல்லிலிருந்து கல் வரை. இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை. நடுவில் எது விளைகிறது, எவ்வளவு தரிசு என்று சர்வேயர் பார்ப்பதில்லை. அப்படித்தான் அளந்தேன். அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை; வாங்கியவனுக்கும் தெரியாது. கேட்ட தொகை என்னால் கொடுக்க முடிந்த தொகையாகவே இருந்தது. மாதா எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் சணலை அறுத்துப் போர்வையை விரித்தோம். மகள் கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்தாள். இடது கையை நீட்டி மேல் கோடியில் விரல் வைத்தாள். விரல் அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அப்போது டேப்பைக் காட்டி, ஏழு அங்குலம், ரெண்டு தரம் அளந்தேன், பஸ்ஸில் தரையில் படாமல் செருப்பின் மேல் வைத்தே கொண்டுவந்தேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எப்பிடிம்மா இருக்கு?" என்றேன். "கனமே இல்லப்பா" என்றாள். அது உண்மைதான், பழையதைவிட அது லேசானது.

அது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு நாலு நாள் முன்னால். எங்கள் கோவிலில் தவக்காலம் நாற்பது நாளும் வாத்தியங்கள் கிடையாது. பாடகர்களுக்குச் சுருதி பிடிக்க ஆர்மோனியம் மட்டும் மெல்ல ஒலிக்கும். தபேலா, கிதார் எல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். மகளும் புதுக் கிதாரை வீட்டில்கூடத் தொடவில்லை. "தவக்காலமாச்சேப்பா" என்றாள். பக்தி என்று பெருமைப்பட்டேன். மூன்றாவது வாரத்தில் வீக்கம் வடிந்தது. குருத்தோலை ஞாயிறன்று அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. நாற்பது நாள் ஓய்வு செய்த வேலையை நான் கிதாரின் கணக்கில் எழுதினேன். தவக்காலம் முடிந்து, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் அவள் வாசித்தபோது கடைசிப் பெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கிதாரை மாற்றினேன், கை சரியாகிவிட்டது. ரேஷன்கடைக்காரர் அதற்கு "சர்வேயர் கிதாரு" என்று பெயரே வைத்துவிட்டார். "எங்க சர்வேயரு அளந்து வாங்குன கிதாரு, ஒரு நூலு பெசகாது" என்று வேறு பங்குக் கோவில்களிலிருந்து வருகிறவர்களிடம் அறிமுகம் செய்வார். மகள் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். இப்போது பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே தெரிகிறது. இடுப்புவரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டாள். காலேஜில் எல்லோரும் இப்படித்தான் என்றாள். தலை பின்னக் கை ஒத்துழைக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. துணி பிழியும் வேலையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் துலக்குவதைத் தான் எடுத்துக்கொண்டாள். "ரெண்டும் ஏதோ பேசி வச்சிருக்குக" என்று மனைவி சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பேன், வலிக்குதாம்மா என்று. இல்லை என்பாள். அடுத்த தவக்காலத்தில் முகம் தெளிந்திருந்தாள். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் அவள் கையிலிருந்து காப்பி டம்ளர் விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அவள் எடுக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதுரையில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், எத்தனை நாளாக வலி என்று கேட்டார். ஆறு மாதம் என்றாள். டம்ளர் விழுந்த அன்று வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தாள்; ஆமாம் என்று நானும் சாட்சி சொன்னேன். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆறு மாசத்துல இப்படி ஆகாதே" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கிவிட்டது, வலியைக் குறைக்கலாம், போன பலத்தைக் கொண்டுவர முடியாது என்றார். அப்படியே ஆனது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இன்று ஒரு பூட்டுச் சாவியைத் திருப்பாது.

கிதாரை விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். தேவதானப்பட்டியிலிருந்து மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் பார்க்க வந்தார். வாசித்துப் பார்த்தார், பிடித்திருந்தது. "சார், டேப்பு இருக்குமா?" என்றார். என் ஸ்டீல் டேப்பைக் கொடுத்தேன். அவர் நுனியில் வைக்கவில்லை. மேலே தந்திகள் உட்காரும் சின்ன மேட்டில் ஒரு முனையை வைத்து, கீழே தந்திகள் ஏறி உட்காரும் இரும்புக் கட்டை வரை இழுத்தார். "முப்பத்திநாலு. ஃபுல் சைஸுதான். எனக்கு இதான் சார் வேணும்" என்றார். நான் அவசரமாக, இல்லை தம்பி, இது சின்னது, முப்பத்தொன்பது, மற்றதெல்லாம் நாற்பத்தாறு என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். "தலை இல்லாததால குட்டையாத் தெரியுது சார். தந்தி நீளம் ஒண்ணுதான். கைக்கு அது இது எல்லாமே ஒரே தூரந்தான். நெறயாப் பேரு இதுல ஏமாந்துருவாக." தந்தி உட்கார்கிற இடத்திலிருந்து என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் சொல்ல ஆரம்பித்தது அப்போது எனக்கு முடிவு வரைக்கும் கேட்டது.

மகள் வலது கையில் தட்டைத் தாங்கி, வாசல்படியில் காப்பியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியிடம், "சக்கர போதுமாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"மொத நாளே தெரியும்ப்பா. வெரல வச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு."

"ஏம்மா சொல்லல? நான் வருத்தப்படுவேன்னா?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுவுந்தான். அம்புட்டுத் தூரம் செருப்பு மேல வச்சுக் கொண்டாந்தீக." பிறகு சொன்னாள்: "ஆனா அது மட்டுமில்லப்பா. சொன்னா நிறுத்திருவீக. சைக்கிள நிறுத்துனீக. ஆத்துக்குப் போறத நிறுத்துனீக. வலிக்குதுன்னு சொன்னதெல்லாம் எங்கிட்ட இருந்து போயிருச்சு. இது ஒண்ணாவது இருக்கட்டும்னு பாத்தேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நான் தப்பாக அளந்தது ஒரு கிதாரை. அதை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு தேடியிருக்கலாம். கோவில் கிதாரிலேயே வாரம் ஒரு பாட்டு மட்டும் வாசிக்க வைத்திருக்கலாம். வாத்தியார் யாரையாவது கேட்டுக் கையை வேறு மாதிரி வைக்கப் பழக்கியிருக்கலாம். வழி பல இருந்திருக்கும். ஆனால் அந்த வழிகளுக்கெல்லாம் முதலில் அவள் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை என் மகளின் வாயிலிருந்து நான்தான், பத்து வருடமாக, பாசம் என்ற பெயரில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளிடம் சொல்லிப் பார்த்தேன். இனி நீ என்ன சொன்னாலும் எதையும் நிறுத்த மாட்டேன் என்றேன். "சரிப்பா" என்றாள். நிறுத்துவதற்கு அப்போது எதுவும் மிச்சமில்லை. கோவிலுக்கு வருவாள், நடுப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களோடு பாடுவாள். குழுவில் வேறு ஒருவர் வாசித்தார். பாட்டு நடக்கும்போது அவள் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

இப்போது அவள் திண்டுக்கல்லில் இருக்கிறாள். கணவர் நல்ல மாதிரி. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. பெண் குழந்தைக்குப் பதினோரு மாதம். போன மாதம் நானும் மனைவியும் போயிருந்தோம். குழந்தை சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. நான்கு அடி வைத்து, பிடி தவறி, மல்லாக்க விழுந்து தலையை ணங்கென்று தரையில் இடித்துக்கொண்டது. எனக்கு வாய்வரை ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். குழந்தை வீறிட்டது. சமையலறையிலிருந்து மகள் ஓடிவந்து, அவசரத்தில் மறந்துபோய் இரண்டு கைகளாலும் அதை வாரித் தூக்கினாள். தூக்கிய நொடியில் அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உடனே குழந்தையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கை வலிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லப்பா" என்றாள்.

நான் கேட்டு முடித்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இடித்த இடத்தைக் கையால் தொட்டுத் தொட்டு, வலிக்கிற மட்டும் சத்தமாக அழுதுகொண்டிருந்தது.